செல்லுக்குள் ஒரு மேஸ்திரி

"புற்றுநோய் பரம்பரையாக வருமா?" நம் சங்கத்தில் உடல்நலம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைக் கேட்கிறார். பெரும்பாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்கிறார். "வரும்" என்றாலும் முழு உண்மை ஆகாது. "வராது" என்றாலும் முழு உண்மை ஆகாது. சரியான விடையை அறிய பி.ஆர்.சி.ஏ.1 என்ற ஒரு மரபணுவின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இக்கட்டுரையில் அதைக் காண்போம்.

நான் டாக்டர் அல்ல. சிவில் டிப்ளமா படித்து, இரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் 38 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த மரபணுவைப் பற்றிப் படிக்க வேண்டிய அவசியம் என் குடும்பத்திற்கு வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். படிக்கப் படிக்க, இது நான் ஆயுள் முழுதும் பார்த்த வேலையாகவே எனக்குத் தோன்றியது. ஆகவே இரயில்வேப் பாஷையிலேயே விளக்க முயல்கிறேன். நம் உறுப்பினர்களில் பலர் இரயில்வேக் குடும்பத்தினர். மற்றவர்களும் இரயிலில் ஏறி ஊருக்குப் போகிறவர்கள்தாமே!

இரண்டு மீட்டர் நீளத் தடம்

நம் உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. செல்லின் நடுவே உள்ள உட்கருவில் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. 23 அம்மா கொடுத்தவை. 23 அப்பா கொடுத்தவை. குரோமோசோம் என்பது டி.என்.ஏ. என்னும் மிக நீளமான இழையைச் சுருட்டி வைத்த பொட்டலம். ஒரே ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ. முழுவதையும் பிரித்து நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு அகலம்கூட இல்லாத உட்கருவுக்குள் அவ்வளவும் அடங்கியிருக்கிறது.

இதை இரண்டு தண்டவாளங்கள் கொண்ட இரயில் பாதையாக எண்ணிக்கொள்ளுங்கள். தண்டவாளங்களுக்கு நடுவே ஸ்லீப்பர் கட்டைகள் கிடப்பதைப் போல, எழுத்துகள் ஜோடி ஜோடியாக நிற்கின்றன. எழுத்துகள் நான்கே நான்கு: ஏ, டி, ஜி, சி. ஒரு பக்கம் ஏ இருந்தால் எதிரே டி நிற்கும். ஒரு பக்கம் ஜி இருந்தால் எதிரே சி நிற்கும். அம்மா தந்த தொகுப்பில் சுமார் 300 கோடி ஜோடிகள். அப்பா தந்ததிலும் ஏறத்தாழ அவ்வளவே.

இந்தத் தடத்தில் ஆங்காங்கே சில பகுதிகளில், "இன்ன புரதத்தை இன்ன விதமாகச் செய்" என்ற உத்தரவு எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பகுதிகளே மரபணுக்கள், அதாவது ஜீன்கள். மனிதனிடம் புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் சுமார் 20,000. ஆண்களின் எக்ஸ், ஒய் குரோமோசோம்களை விட்டுவிட்டால், ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று. இந்த "இரண்டு பிரதி" என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் எல்லாமே இதைப் பொறுத்துத்தான்.

பழுதில்லாத நாளே இல்லை

இரயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தண்டவாளம் பழுதாகிக்கொண்டே இருக்கும். வெயிலில் நீளும்; குளிரில் சுருங்கும்; துருவேறும். டி.என்.ஏ.யும் அப்படித்தான். 1970களுக்கு முன் இது எளிதில் கெடாத பொருள் என்றே பலரும் எண்ணியிருந்தனர். ஸ்வீடனில் பிறந்த தாமஸ் லிண்டால் என்ற விஞ்ஞானி, செல்லில் இருக்கும் சாதாரணத் தண்ணீரே டி.என்.ஏ.யின் எழுத்துகளைக் கழற்றிவிடுகிறது என்று காட்டினார். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனிலிருந்து செல்லுக்குள் உண்டாகும் சில பொருள்களும் அதைத் தாக்குகின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர், எக்ஸ்-ரே, புகையிலைப் புகை ஆகியவை வெளியிலிருந்து வரும் தாக்குதல்கள். எல்லாம் சேர்ந்து ஒரு செல்லில் ஒரு நாளைக்குப் பல்லாயிரம் பழுதுகள்!

இத்தனைக்கும் நாம் உயிரோடு இருப்பது, செல்லுக்குள்ளேயே ஒரு பழுதுபார்க்கும் படை இரவு பகலாக வேலை செய்வதால்தான். அந்தப் படையின் வேலை முறைகளைக் கண்டறிந்ததற்காக லிண்டால், பால் மாட்ரிச், அஜீஸ் சான்சார் ஆகிய மூவருக்கும் 2015-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பெரும்பாலான பழுதுகள் ஒரு தண்டவாளத்தில் மட்டும் ஏற்படுபவை. அவற்றைச் சரிசெய்வது எளிது. எதிரே டி இருந்தால் இங்கே ஏ இருந்திருக்க வேண்டும் என்று பார்த்துப் போட்டுவிடலாம். ஆபத்தானது, இரண்டு தண்டவாளங்களும் ஒரே இடத்தில் முறிவதுதான். இது எண்ணிக்கையில் குறைவு. ஆனால் குரோமோசோமே இரண்டு துண்டாகிவிடும். அந்த இடத்தில் என்ன எழுதியிருந்தது என்று எதிர்ப்பக்கத்தைப் பார்த்தும் அறிய முடியாது.

அவசர வேலையும் முறையான வேலையும்

குளிர்கால விடியற்காலையில் தண்டவாளம் முறிந்து கிடப்பதைக் கீமேன் கண்டால் முதலில் என்ன செய்வார்? சிவப்புக் கொடி காட்டி, தண்டவாளத்தில் பட்டாசு வைத்து வண்டியை நிறுத்துவார். பிறகு முறிந்த இடத்தில் பிஷ்பிளேட்டை வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்குவார்கள். வண்டி மெதுவாகப் போகும். இது அவசர வேலை. பின்னர் மேஸ்திரி தன் ஆட்களோடு வந்து, கெட்ட பகுதியை அறுத்து எடுத்து, சரியான அளவில் புதுத் துண்டு போட்டு வெல்டிங் செய்வார். அதன் பிறகுதான் பழைய வேகம்.

செல்லிலும் இந்த இரண்டு முறைகளும் உண்டு. முதல் முறையில், முறிந்த இரு முனைகளையும் இழுத்து ஒட்டிவிடுவார்கள். விரைவான வேலை. ஆனால் ஒட்டும் இடத்தில் ஓரிரு எழுத்துகள் விடுபடலாம், அல்லது கூடுதலாகச் சேர்ந்துவிடலாம். இரண்டாவது முறையில், அதே எழுத்துகள் உள்ள மற்றொரு பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் எழுதிச் சேர்ப்பார்கள். செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் நகல் எடுக்கிறது அல்லவா? அந்த நகல்தான் மாதிரி. இரட்டைப் பாதையில் ஒரு தடம் கெட்டால் பக்கத்துத் தடத்தைப் பார்த்துச் சீரமைப்பது போல.

இந்த இரண்டாவது, முறையான வேலையை முன்னின்று நடத்தும் மேஸ்திரிதான் பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணு உண்டாக்கும் புரதம்.

முறிவு நடந்ததும் அதை உணர்ந்து செய்தி அனுப்புவது ஏ.டி.எம். என்ற புரதம். (வங்கி வாசலில் இருப்பது அல்ல, இது கீமேன்!) செய்தி கிடைத்ததும் பி.ஆர்.சி.ஏ.1 அந்த இடத்திற்கு வருகிறது. செல் பிரிவதைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க உதவுகிறது. இது சிவப்புக் கொடி. முறிந்த முனைகளை இன்ன முறையில் செதுக்கித் தயார்செய்ய வேண்டும் என்று முடிவு செய்வதில் பங்கேற்கிறது. பிறகு பி.ஏ.எல்.பி.2 என்ற உதவியாளர் மூலம் பி.ஆர்.சி.ஏ.2 என்ற இன்னொரு பெரிய புரதத்தை வரவழைக்கிறது. பி.ஆர்.சி.ஏ.2 கொண்டுவரும் ஆள்களின் பெயர் ராட்51. அவர்கள் முறிந்த இழையின் மீது வரிசையாக அமர்ந்து, மாதிரிப் பிரதியில் அதற்குரிய இடத்தைத் தேடிப் பொருத்துகிறார்கள். விடுபட்ட எழுத்துகள் அதைப் பார்த்து எழுதப்படுகின்றன. தடம் பழையபடி ஆகிவிடுகிறது.

மேஸ்திரி இல்லாவிட்டால்? வண்டி நிற்காது. அவசர ஒட்டு வேலை மட்டுமே நடக்கும். பிழைகள் குவியும். "வளர்வதை நிறுத்து" என்று சொல்லும் வேறு மரபணுக்களிலும் பிழை விழும். அப்படி விழுந்த செல், கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்கும். அதுவே புற்றுநோய்.

பெயரால் வந்த குழப்பம்

பி.ஆர்.சி.ஏ. என்பது மார்பகப் புற்றுநோயின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கியது. ஆகவே பலரும் இதைப் "புற்றுநோய் ஜீன்" என்கிறார்கள். "அவருக்குப் பி.ஆர்.சி.ஏ. இருக்கிறதாம்" என்று பரிதாபமாகப் பேசுகிறார்கள். உண்மையில் பி.ஆர்.சி.ஏ. எல்லோருக்கும் இருக்கிறது, ஆண்களுக்கும் கூட. இருப்பதால்தான் நலமாக இருக்கிறோம். மேஸ்திரி வராத அன்று விபத்து நடந்தது என்பதற்காக, மேஸ்திரிக்கே "விபத்து" என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இந்தப் பெயரும். நோய் பரம்பரையாக வருவதில்லை. பழுதுபார்க்கும் உத்தரவில் உள்ள ஒரு பிழைதான் பரம்பரையாக வருகிறது. இதுதான் முதலில் கேட்ட கேள்விக்கு விடை.

பெயர் இப்படி அமைந்ததற்குக் காரணம், இதைத் தேடிய விதம். ஒரே குடும்பத்தில் பல பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவதை டாக்டர்கள் வெகு காலமாகவே கவனித்து வந்தனர். பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் புரோக்கா, தம் மனைவியின் குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் இந்நோய் வந்ததை 1866-இல் எழுதி வைத்தார். ஆனால் காரணம் தெரியவில்லை. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேரி-கிளேர் கிங் என்ற அம்மையார் 1970களின் நடுவில் இத்தேடலைத் தொடங்கினார். இவ்வளவு சிக்கலான நோய்க்கு ஒரே ஒரு மரபணு காரணமாக இருக்க முடியாது என்று பலர் ஒதுக்கினார்கள். அவர் விடவில்லை. 23 குடும்பங்கள், அவற்றில் 146 நோயாளிகள். எந்தக் குரோமோசோமின் எந்தப் பகுதி நோயோடு சேர்ந்தே தலைமுறை தாண்டி வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். இளம் வயதிலேயே நோய் கண்ட குடும்பங்களைத் தனியே பார்த்தபோது விடை தெளிந்தது. 17-ஆவது குரோமோசோமின் நீண்ட கையில் ஓர் இடம். 1990-இல் இதை வெளியிட்டார்.

அதாவது, இன்ன செக்‌ஷனில் பழுது என்று தெரிந்துவிட்டது. இன்ன கிலோமீட்டர் என்று தெரிய வேண்டும். பல நாட்டு ஆய்வாளர்கள் போட்டி போட்டார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மார்க் ஸ்கோல்னிக் தலைமையில் இயங்கிய குழுவினர் 1994-இல் மரபணுவையே கண்டெடுத்தனர். 13-ஆவது குரோமோசோமில் உள்ள பி.ஆர்.சி.ஏ.2 அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் கிடைத்தது. யூட்டாவின் மிரியட் கம்பெனி இம்மரபணுக்களுக்குக் காப்புரிமை வாங்கிப் பரிசோதனையைத் தன் கையிலேயே வைத்திருந்தது. இயற்கையில் உள்ள டி.என்.ஏ.வை எடுத்துத் தனியே பிரித்ததற்காக யாரும் காப்புரிமை கோர முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013 ஜூன் மாதம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் பிறகு அந்நாட்டில் மற்ற பரிசோதனைக்கூடங்களும் இச்சோதனையைச் செய்யத் தொடங்கின.

இரண்டெழுத்துப் பிழை

பி.ஆர்.சி.ஏ.1 புரதம் 1,863 மணிகள் கோத்த ஒரு நீண்ட மாலை. அம்மணிகளுக்கு அமினோ அமிலங்கள் என்று பெயர். டி.என்.ஏ.யில் மும்மூன்று எழுத்துகள் ஒரு சொல். ஒரு சொல்லுக்கு ஒரு மணி. இதில் சிறு பிழை வந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழிலேயே பார்ப்போம். மும்மூன்று எழுத்துச் சொற்களாலான ஒரு வாக்கியம்:

மரம் பழம் தரும் நிலம் பயிர் தரும்

முதல் சொல்லில் "ர", "ம்" என்ற இரண்டு எழுத்துகளை மட்டும் எடுத்துவிடுங்கள். ஆனால் மும்மூன்றாகப் படிக்கும் விதியை மாற்றாதீர்கள். இப்படி ஆகும்:

மபழ ம்தரு ம்நில ம்பயி ர்தரு ம்

போனது இரண்டே எழுத்து. கெட்டது முழு வாக்கியம். பி.ஆர்.சி.ஏ.1-இல் புகழ் பெற்ற ஒரு பிழை இதே வகைதான். தொடக்கத்திலேயே ஏ, ஜி என்ற இரண்டு எழுத்துகள் விடுபட்டிருக்கும். அதனால் வாசிப்பு தடம் மாறி, 39-ஆவது சொல்லிலேயே "நிறுத்து" என்ற உத்தரவு வந்துவிடுகிறது. 1,863 மணிகள் இருக்க வேண்டிய மாலை ஆரம்பத்திலேயே அறுந்துபோகிறது.

கிழக்கு ஐரோப்பா வழிவந்த யூதர்களிடம் இப்பிழை அதிகம். பி.ஆர்.சி.ஏ. மரபணு இரண்டிலும் உள்ள சில பிழைகளைச் சேர்த்துப் பார்த்தால் அவர்களில் 40 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. இது அவர்களுடைய விஷயம், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. பெங்களூர் ஆய்வாளர்கள் தென்னிந்தியப் பெண்களிடம் இதே இரண்டெழுத்துப் பிழை அதிகம் தென்பட்டதாக 2009-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன் 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, ஓர் இந்தியக் குடும்பத்தில் இப்பிழை தனியாகவே தோன்றியிருக்கிறது என்று காட்டியது. ஒரே இடத்தில் இரண்டு முறை தண்டவாளம் முறிவது போலத்தான்! இதைத் தவிர இன்னும் ஆயிரக்கணக்கான பிழைகள் இவ்விரு மரபணுக்களிலும் கண்டறியப்பட்டுள்ளன.

ஒன்று போனால் இன்னொன்று

பிழையுள்ள ஒரு பிரதியோடு பிறந்தவருக்கு உடனே நோய் வருவதில்லை. மற்றொரு பிரதி நன்றாக இருக்கிறதே! மாற்று ஆள் இல்லாத மேஸ்திரி போல அது தனியாகவே வேலையைச் சமாளிக்கிறது. பல ஆண்டுகள் கழித்து ஏதோ ஒரு செல்லில் அந்த நல்ல பிரதியும் கெட்டுப்போனால், அந்தச் செல்லுக்கு மேஸ்திரியே இல்லை. ஆபத்து அங்கே ஆரம்பமாகிறது. எல்லோருக்கும் இது நடந்தே தீரும் என்பதில்லை. ஆனால் இரண்டு பிரதியும் நன்றாக உள்ளவரைவிட வாய்ப்பு மிக அதிகம்.

பல நாடுகளில் இப்பிழை உள்ள ஏறத்தாழ 10,000 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளியானது. அதன்படி பி.ஆர்.சி.ஏ.1 பிழை உள்ள பெண்களில் 100-க்கு 72 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும். 44 பேருக்குச் சினைப்பையில் வரக்கூடும். பி.ஆர்.சி.ஏ.2 என்றால் முறையே 69 பேர், 17 பேர். இவை பெரும்பாலும் மேல்நாட்டுப் பெண்களைப் பற்றிய கணக்குகள். ஆண்களுக்கும் முழு விடுதலை இல்லை. குறிப்பாகப் பி.ஆர்.சி.ஏ.2 பிழை இருந்தால் புராஸ்டேட் சுரப்பியிலும், அரிதாக மார்பகத்திலும் நோய் வரலாம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோய் வரும் பெண்களில் பரம்பரைப் பிழை காரணமாக வருபவர்கள் 100-க்கு 5 முதல் 10 பேர்தான். மற்றவர்களுக்கு வருவது வாழ்நாளில் சேரும் பழுதுகளால். ஆகவே "எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை, எனக்கு வராது" என்று எந்தப் பெண்ணும் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

அப்பா வழியும் வழிதான்

பிழை உள்ளவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது போய்ச் சேரும் வாய்ப்பு சரிபாதி. காசைச் சுண்டிப் போடுவது போல. மகனா, மகளா என்ற பேதம் இல்லை. கொடுப்பவர் தாயா, தந்தையா என்ற பேதமும் இல்லை. ஆனால் நம் வீடுகளில் பெண்களின் நோய் என்றால் பெண் வழியை மட்டுமே விசாரிக்கிறோம்.

என் தம்பி மகளுக்கு 38 வயதில் மார்பகத்தில் கட்டி வந்தது. புனேயில் இருக்கிறாள். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டார். அவள் அம்மா வழியில் ஒருவருக்கும் இல்லை. "நம் பக்கமும் யாருக்கும் இல்லையே அண்ணா" என்றான் தம்பி. அவனுக்கு நினைவு இருக்க நியாயமில்லை, மிகவும் சிறியவன். எங்கள் பெரிய அத்தை 1968-இல் மார்பில் கட்டி வந்து இறந்தார். சின்ன அத்தை 1974-இல் வயிற்றில் நீர் கோத்து இறந்தார். இருவருக்கும் ஐம்பது வயது ஆகவில்லை. வீட்டில் யாரும் நோயின் பெயரைச் சொன்னதில்லை. "பெரிய வியாதி" என்பார்கள், அவ்வளவுதான். என் தகப்பனார் 81 வயது வரை திடமாக இருந்தார்.

பரிசோதனையில் தம்பி மகளுக்குப் பி.ஆர்.சி.ஏ.1-இல் பிழை இருப்பது தெரிந்தது. அடுத்துத் தம்பிக்கும் எனக்கும் பார்த்தார்கள். இருவருக்கும் இருக்கிறது. நோயே காணாத எங்கள் தகப்பனார் வழியாக, எங்கள் இருவர் வழியாக, சத்தமில்லாமல் வந்திருக்கிறது. என் மகளுக்குப் பார்த்ததில் இல்லை என்று வந்தது. அன்று என் மனைவி சுவாமி விளக்கேற்றிவிட்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். என் மகன் இன்னும் பார்த்துக்கொள்ளவில்லை. அவனுக்கு ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. நான் வற்புறுத்தவில்லை. பார்ப்பதும் பாராததும் வயது வந்த ஒருவரின் உரிமை. ஆனால் "இது பெண்கள் விஷயம் அப்பா" என்று மட்டும் அவன் சொல்ல நான் விடுவதில்லை. தம்பி மகள் சிகிச்சை முடிந்து வேலைக்குப் போகிறாள். எல்லோருடைய சம்மதத்தோடும்தான் இதை எழுதுகிறேன்.

தெரிந்துகொண்டால் என்ன பயன்?

"தெரிந்து என்ன செய்வது, கவலைதானே மிச்சம்?" என்று கேட்பவர்கள் உண்டு. தண்டவாளத்தில் வெடிப்பு இருப்பது தெரிந்தால் வண்டியை நிறுத்தலாம். தெரியாவிட்டால் நிறுத்த முடியாது.

பிழை உள்ள பெண்களுக்கு இளம் வயதிலிருந்தே ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ., பின்னர் மாமோகிராம் என்று தொடர்ந்து பார்க்கிறார்கள். நோய் வந்தாலும் சிறிதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம். சினைப்பைப் புற்றுநோயை அப்படி ஆரம்பத்தில் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே பி.ஆர்.சி.ஏ.1 பிழை உள்ளவர்களுக்குப் பிள்ளைப்பேறு முடிந்த பின், 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடும்படி டாக்டர்கள் ஆலோசனை சொல்கிறார்கள். சிலர் நோய் வருமுன்னரே மார்பகங்களையும் எடுத்துக்கொள்கிறார்கள். ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி தாம் அவ்வாறு செய்துகொண்டதை 2013-இல் பத்திரிகையில் எழுதிய பிறகுதான் உலகில் பலர் இந்த மரபணுவின் பெயரையே கேள்விப்பட்டார்கள். இவை பெரிய முடிவுகள். அவரவர் வயது, குடும்பநிலை பார்த்து, மரபியல் ஆலோசகரிடமும் டாக்டரிடமும் நிதானமாகப் பேசித்தான் எடுக்க வேண்டும்.

நோய் வந்த பின்னும் இந்த அறிவு பயன்படுகிறது. செல்லில் பார்ப் என்ற இன்னொரு பழுதுபார்க்கும் புரதம் உண்டு. அது ஒற்றைத் தண்டவாள முறிவைக் கவனிப்பது. அதை ஒரு மருந்தால் முடக்கிவிட்டால் சிறு முறிவுகள் பெருகி இரட்டை முறிவுகளாகும். உடம்பின் மற்ற செல்களில் ஒரு நல்ல பி.ஆர்.சி.ஏ. பிரதி இருப்பதால் சமாளித்துக்கொள்ளும். புற்றுநோய்ச் செல்லில் அதுவும் இல்லையே! மெயின் லைனும் அடைப்பு, லூப் லைனும் அடைப்பு. அந்தச் செல் மடிகிறது. 2005-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதைக் காட்டின. இவ்வகையைச் சேர்ந்த ஒலாபாரிப் என்ற மருந்துக்கு 2014-இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அனுமதி வழங்கின. எந்தப் பலவீனத்தால் அந்தச் செல் புற்றுநோய் ஆயிற்றோ, அதே பலவீனத்தில்தான் இம்மருந்து கை வைக்கிறது.

பரிசோதனை செய்ய விரும்புவோர் அறிய வேண்டியவை சில. இரத்தமோ உமிழ்நீரோ போதும். குடும்பத்தில் நோய் கண்ட ஒருவருக்கு முதலில் பார்ப்பதே முறை. அவரிடம் பிழை தெரிந்தால் மற்றவர்களுக்கு அதே இடத்தை மட்டும் பார்த்தால் போதும். "உண்டு", "இல்லை" என்ற இரண்டு பதில்களோடு, "மாற்றம் இருக்கிறது, தீமையா என்று இப்போது சொல்ல இயலாது" என்ற மூன்றாவது பதிலும் வரலாம். அதைப் பார்த்துப் பயந்து அறுவைச் சிகிச்சைக்கு ஓடக் கூடாது. குழந்தைகளுக்கு இதைப் பார்ப்பதில்லை. வயது வந்த பின் அவர்களே முடிவு செய்யட்டும். மும்பை டாட்டா மெமோரியல், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில் விசாரிக்கலாம்.

சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களுக்கு இன்னும் ஒரு செய்தி. பி.ஆர்.சி.ஏ.2-இன் இரண்டு பிரதிகளும் பிழையாகப் பிறக்கும் குழந்தைக்கு ஃபான்கோனி இரத்தசோகை என்ற கடுமையான நோய் வருகிறது என்று 2002-இல் தெரியவந்தது. ஒரே பாட்டனாரின் வழிவந்த இருவரிடமும் ஒரே பிழை இருக்க வாய்ப்பு அதிகம். பிழை உள்ளது என்று தெரிந்த குடும்பத்தார் இதையும் கேட்டுத் தெளிவது நல்லது.

குடும்ப வரைபடம்

ஊரில் இருப்பவர்களுக்கு யார் எப்போது எதனால் இறந்தார் என்பது தானாகத் தெரிந்துவிடும். நாமோ வேலை தேடி வந்து, வந்த இடத்திலேயே தங்கிவிட்டவர்கள். அண்ணன் ஓர் ஊர், தங்கை ஓர் ஊர், பிள்ளைகள் வேறோர் ஊர். தந்தி வந்தது, போய் வந்தோம். நோயின் பெயரைக் கேட்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு அத்தை பாட்டியின் பெயரே தெரியாது. பெண்ணுக்கு வரன் தேடும் காலத்தில் இதையெல்லாம் வெளியில் சொல்வதா என்ற தயக்கமும் உண்டு. ஊரெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொன்னால் போதும். அவளிடமே மறைத்தால், சரியான வயதில் பார்த்துக்கொள்ளும் வாய்ப்பை நாமே அவளிடமிருந்து பறிக்கிறோம்.

ஆகவே ஒரு முழுத்தாளை எடுத்து, மூன்று தலைமுறைகளை வரையுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். அம்மா வழி ஒரு பக்கம், அப்பா வழி ஒரு பக்கம். ஒவ்வொருவருக்கும் நேரே என்ன நோய், எந்த உறுப்பில், எந்த வயதில் வந்தது என்று எழுதுங்கள். 50 வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோய், எந்த வயதிலும் சினைப்பைப் புற்றுநோய், ஆணுக்கு மார்பகப் புற்றுநோய், ஒரே வழியில் இரண்டு மூன்று பேருக்கு இவை வந்திருப்பது ஆகியவற்றைச் சிவப்பு மையால் குறியுங்கள். சிவப்பு இருந்தால் அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள். இல்லாவிட்டால் பத்திரமாக வைத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது குடும்பத்தின் மூத்தவரிடம் அரைமணி நேரம் உட்காருங்கள். அவருக்கு மட்டுமே தெரிந்த பெயர்களும் வருஷங்களும் இருக்கும். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.